முதலாண்டு வீரருக்கு எத்தனை நிமிடம்? முதலில் காலி இடத்தை எண்ணுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தைப் பற்றித் தமிழில் எழுதும் இதழ்கள் அதிகம் இல்லை. நீங்கள் எழுதுகிறீர்கள், அதனால்தான் உரிமையோடு இதை எழுதுகிறேன். சீசன் முன்னோட்டக் கட்டுரையில் இந்த வருடம் கல்லூரியில் சேரும் ஃப்ரெஷ்மேன், அதாவது முதலாண்டுப் பையன்களைப் பட்டியல் போட்டு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஆட்டத்துக்கு 30 நிமிடம், 26 நிமிடம் என்று குறித்திருந்தீர்கள். கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அந்த எண்களுக்குப் பின்னால், பள்ளி வீரர்களின் திறமைக்கு நட்சத்திரம் போடும் பள்ளித் தரவரிசையைத் தவிர வேறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. ஐந்து நட்சத்திரம் என்றால் 30, நான்கு நட்சத்திரம் என்றால் 15. இப்படிக் கணிப்பது தப்பு, அதைவிட அந்தப் பையனுக்கு அநியாயம். நவம்பரில் நீங்கள் போட்ட எண்ணை வைத்துத்தான் ஜனவரியில் எல்லோரும் அவனைப் பார்த்து "ஏமாற்றம்" என்று எழுதுவார்கள்.

ஆண்கள் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், களத்தில் 5 பேர். ஆக, ஒரு அணியிடம் மொத்தம் 200 நிமிடம்தான் இருக்கிறது. போன வருடம் ஆடியவர்களில் மூன்று பேர் திரும்பி வந்து ஆளுக்கு 30 நிமிடம் ஆடுகிறார்கள், வேறு கல்லூரியிலிருந்து வந்த இரண்டு மூத்தவர்கள் ஆளுக்கு 28 நிமிடம் ஆடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், 146 போய்விட்டது. மிச்சம் 54. அதை மற்ற எல்லோரும் பங்கு போட வேண்டும், அதுவும் அவரவர் இடத்துக்குள். வெளியே நின்று பந்தை நகர்த்தும் கார்டு இடத்தில் ஆடுகிற பையனுக்கு, கூடைக்கு அருகே உயரமானவர் ஆடும் சென்டர் இடத்தில் காலியாக இருக்கும் 15 நிமிடம் எதற்கும் உதவாது. இந்தக் கழித்தலைச் செய்யாமல் ஒரு முதலாண்டுப் பையனுக்கு எண் போடவே கூடாது என்பேன்.

நான் இருப்பது வட கரோலினாவின் ராலியில், டியூக் பல்கலைக்கழக அரங்கம் கார் தூரம்தான். 2024-25 டியூக் அணியைப் பாருங்கள். கூப்பர் ஃப்ளாக், கான் நூப்பல், கமான் மலுவாச் என்று மூன்று முதலாண்டு வீரர்கள் முதல் ஐவரில் இறங்கினார்கள், ஃப்ளாக் சராசரியாக 30 நிமிடத்துக்கு மேல் ஆடினார், மூன்று பேருமே 2025 என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் 10 இடங்களுக்குள் போனார்கள். அதே வருடம், அதே கோச் ஜான் ஷேயரிடம் வந்து சேர்ந்தவர்தான் ஐசையா எவன்ஸ். அவரும் ஐந்து நட்சத்திரம். நம்ம ஊர், வட கரோலினாப் பையன். டிசம்பரில் ஆபர்ன் அணிக்கு எதிராக பெஞ்சிலிருந்து வந்து முதல் பாதியிலேயே ஆறு மூன்று-புள்ளி வீச்சுகள் போட்டார், அரங்கமே எழுந்து நின்றது. இனி இவரை உட்கார வைக்கவே முடியாது என்று அன்றைக்கு எல்லோரும் பேசினார்கள். சீசன் முடிவில் அவருடைய சராசரி 14 நிமிடத்தைத் தொடவில்லை.

ஏன்? அவர் ஆடும் இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பார்த்தால் போதும். மூன்றாம் வருடம் ஆடும் டைரீஸ் ப்ராக்டர். துலேன் பல்கலைக்கழகத்திலிருந்து கடைசி வருடத்துக்கு வந்த சியான் ஜேம்ஸ், வயதும் உடம்பும் முற்றியவர், எதிரணியின் சிறந்த கார்டைப் பிடிப்பதுதான் அவர் வேலை. இவர்களோடு நூப்பல். அந்த அணி தடுப்பாட்டத்தில் ஆள் மாற்றி ஆள் பிடிக்கும், ஒல்லியான பையன் ஒருவன் மாட்டினால் எதிரணி தேடிப் பிடித்து அவன் மேலேயே ஏறும். எவன்ஸிடம் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. இடம் குறைவு, அவ்வளவுதான். அடுத்த வருடமும் அவர் டியூக்கிலேயே தங்கினார், எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

இதற்கு நேர் எதிராக ஒரு கதை, அதுவும் இதே மாநிலத்தில்தான். பின்னாளில் என்பிஏ நட்சத்திரமான ஸ்டீஃபன் கரியை 2006-ல் பெரிய கல்லூரிகள் கண்டுகொள்ளவில்லை, அப்பா ஆடிய வர்ஜினியா டெக் கூட ஸ்காலர்ஷிப் தரவில்லை. டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரிக்குப் போனார். அங்கே முந்தைய அணியின் மூத்த வீரர்கள் பலர் படிப்பு முடிந்து போயிருந்தார்கள், நிமிடங்கள் கொட்டிக் கிடந்தன. முதல் ஆட்டத்தில் கரி 13 தடவை பந்தைப் பறிகொடுத்தார். பதின்மூன்று! பெரிய அணியாக இருந்தால் அடுத்த ஒரு மாதம் பெஞ்சுதான். பாப் மெக்கிலப் என்ற அந்தக் கோச் அடுத்த ஆட்டத்திலும் அவரையே இறக்கினார், மிச்சிகன் அணிக்கு எதிராக 32 புள்ளிகள் எடுத்தார். அந்த சீசன் சராசரி 21.5 புள்ளிகள், நாட்டிலேயே முதலாண்டு வீரர்களில் கெவின் டுராண்ட் ஒருவர்தான் அவரைவிட மேலே. தரவரிசையை மட்டும் பார்த்துக் கணித்திருந்தால் கரி உங்கள் பட்டியலுக்குள்ளேயே வந்திருக்க மாட்டார். தப்பு செய்தாலும் பையனைக் களத்தில் விட்டுவைக்கிற கோச்சா, ஒரு தப்புக்கே விசில் சத்தம் அடங்குவதற்குள் மாற்று ஆளை எழுப்புகிற கோச்சா என்பது நிமிடக் கணக்கில் எவ்வளவு பெரிய விஷயம் பாருங்கள்.

இன்னொன்றையும் உங்கள் கட்டுரை குழப்பியிருக்கிறது. முதல் ஐவரில் இறங்குவதும் அதிக நிமிடம் ஆடுவதும் வேறு வேறு. 2023-24 கென்டக்கி அணியில் பள்ளித் தரவரிசையில் உச்சியில் இருந்த ஜஸ்டின் எட்வர்ட்ஸ் பெரும்பாலான ஆட்டங்களில் முதல் ஐவரில் இறங்கினார். தரவரிசையில் அவருக்குப் பின்னால் இருந்த ரீட் ஷெப்பர்ட் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் வந்தார், ஆனால் களத்தில் அதிக நேரம் நின்றவர் ஷெப்பர்ட், கிட்டத்தட்ட 29 நிமிடம். டிராஃப்டில் ஷெப்பர்ட் மூன்றாவது ஆள், எட்வர்ட்ஸ் பெயர் அன்றைக்கு வரவே இல்லை. பழைய உதாரணம் வேண்டுமென்றால் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மார்வின் வில்லியம்ஸ். 2004-05 சீசன் முழுக்க ஒரு ஆட்டத்தில்கூட முதல் ஐவரில் இறங்காமல் ஆட்டத்துக்கு 22 நிமிடம் ஆடினார், அணி சாம்பியன் ஆனது, அவர் டிராஃப்டில் இரண்டாவதாகப் போனார். 2014-15 கென்டக்கியில் ஜான் காலிபரி ஐந்து ஐந்து பேராக மாற்றி மாற்றி இறக்கியபோது கார்ல்-ஆன்டனி டவுன்ஸுக்கே 21 நிமிடம்தான் கிடைத்தது. அந்த வருட டிராஃப்டின் முதல் ஆள் அவர்!

சரி, இதெல்லாம் பழைய காலம் என்று சொல்லலாம். இப்போது நிலைமை முதலாண்டுப் பையனுக்கு இன்னும் இறுக்கமாகிவிட்டது, இதைத்தான் நீங்கள் தொடவே இல்லை. 2021 முதல் ஒருமுறை கல்லூரி மாறினால் உடனே ஆடலாம் என்று விதி வந்தது. 2024-ல் அந்த ஒருமுறை என்ற வரம்பும் போய்விட்டது. அதற்கு நடுவில் கொரோனா சீசனில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கூடுதலாக ஒரு வருடம் கிடைத்ததால் 23, 24 வயது ஆட்கள் கல்லூரி அணிகளில் நிறைந்தார்கள். 18 வயதுப் பையனை இரண்டு வருடம் வளர்ப்பதா, ஏற்கெனவே நூறு ஆட்டம் ஆடிய ஒருவரை, கல்லூரி மாற விரும்புபவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலிலிருந்து கூட்டி வருவதா என்று கேட்டால், வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருக்கும் கோச் எதைத் தேர்ந்தெடுப்பார்? 2025-ல் சாம்பியன் ஆன ஃப்ளோரிடா அணியின் மூன்று முக்கியக் கார்டுகளான வால்டர் கிளேட்டன், அலைஜா மார்ட்டின், வில் ரிச்சர்ட் மூவரும் கடைசி வருட மாணவர்கள், மூவருமே வேறு கல்லூரிகளில் தொடங்கியவர்கள். 1972 வரைக்கும் முதலாண்டு மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆட அனுமதியே இல்லை. இப்போது அனுமதி தாராளமாக இருக்கிறது, எதிரே நிற்கும் ஆளுக்குத்தான் வயது கூடிவிட்டது.

உயரமான பையன்களுக்கு ஃபவுல் என்று தனியாக ஒரு தலைவலி உண்டு. கல்லூரியில் ஐந்து ஃபவுல் வாங்கினால் வெளியே. முதல் பாதியில் இரண்டு விழுந்தாலே பெரும்பாலான கோச்சுகள் இடைவேளை வரை உட்கார வைத்துவிடுவார்கள். பள்ளியில் எல்லோரையும்விட உயரமாக இருந்ததால் கையைத் தூக்கினாலே பந்து தட்டிவிடலாம், இங்கே அதே கை ஃபவுல். புள்ளி சராசரியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது கண்ணில் படாது.

சீசன் சராசரி என்ற ஒரே எண்ணும் ஏமாற்றும். நவம்பரில் சின்னக் கல்லூரிகளோடு ஆடும்போது 30 புள்ளி முன்னிலையில் எல்லோருக்கும் நிமிடம் கிடைக்கும், ஜனவரியில் சொந்தக் குழு அணிகளோடு ஆடும் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் தொடங்கியதும் பத்துப் பேர் ஆடிய அணி எட்டுப் பேராகச் சுருங்கும். சில பேருக்கு அப்புறம் கதை திரும்பவும் மாறும். டியூக்கின் கிரேசன் ஆலன் 2014-15-ல் ஆட்டத்துக்கு 9 நிமிடம் மட்டுமே ஆடிய முதலாண்டு வீரர். நடுவில் ஒரு கார்டு அணியை விட்டுப் போனதால்தான் அவருக்கு வழியே திறந்தது. இறுதி ஆட்டத்தில் விஸ்கான்சின் 9 புள்ளி முன்னால் இருந்தபோது தொடர்ச்சியாக 8 புள்ளிகள் எடுத்து, மொத்தம் 16 புள்ளிகளோடு கோப்பையை இழுத்து வந்தார். வர்ஜினியாவின் டி'ஆன்ட்ரே ஹன்டர் முதல் வருடம் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, ரெட்ஷர்ட் என்று, அதாவது ஆடும் உரிமையில் ஒரு வருடம் குறையாமல் இருக்க, உட்கார வைத்தார்கள். 2019 இறுதி ஆட்டத்தில் 27 புள்ளிகள் எடுத்தவர் அவர்தான்.

கணிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கணிப்பது பிடிக்கும், என் பையனோடு அக்டோபர் மாதம் முழுக்க இதே பேச்சுதான். ஆனால் வாசகருக்குக் காரணத்தைக் காட்டுங்கள். ஒவ்வொரு அணிக்கும் போன வருடம் ஆடியவர்களில் யார் போனார்கள், அவர்கள் விட்டுச் சென்றது எத்தனை நிமிடம், போர்ட்டலில் யார் வந்தார்கள், அந்தக் கோச் இதற்கு முன் முதலாண்டுப் பையன்களுக்கு எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று நாலு வரி போட்டால் போதும். கல்லூரிக் கூடைப்பந்துப் புள்ளிவிவரங்கள் தரும் கென் பாமராய் தளத்தில் ஒவ்வொரு வீரரும் அணியின் நிமிடங்களில் எத்தனை சதவீதம் ஆடினார் என்பது பழைய சீசன்களுக்கும் கிடைக்கிறது, தேடுவது கஷ்டமில்லை. எண்ணையும் 30 என்று ஒற்றையாகப் போடாமல் 12 முதல் 22 என்று போடுங்கள், நவம்பருக்கு ஒன்று, பிப்ரவரிக்கு ஒன்று.

அடுத்த இதழில் திருத்திய பட்டியல் ஒன்று வந்தால் மிகவும் மகிழ்வேன். டியூக், வட கரோலினா, என்.சி. ஸ்டேட் மூன்று அணிகளுக்கும் போனவர் வந்தவர் கணக்கை நானே எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் அனுப்பித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
ராலி, வட கரோலினா