குவெட்டின் நடுவுக்கு எட்டாத ஒளி

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. துறைக்குப் புது ஃப்ளூரோமீட்டர் (கரைசலின் ஒளிர்வை அளக்கும் கருவி) வந்ததில் எனக்கும் மகிழ்ச்சி. டானிக் வாட்டருக்குக் கசப்பு தரும் குவினைனுக்கு மாணவர்கள் எடுத்த செறிவு-ஒளிர்வுக் கோடு பற்றிக் கேட்டிருந்தாய். செறிவைக் கூட்டக் கூட்ட ஒளிர்வு ஏறி, வளைந்து, கடைசியில் இறங்கிவிடுகிறது என்கிறாய். கருவியில் குறை இருக்காது. கரைசல்தான் அளவுக்கு மீறிய செறிவில் இருக்கிறது.

கருவி, உள்ளே வரும் ஒளிக்குச் செங்கோணத்தில் நின்று, குவெட்டின் (கரைசலை வைக்கும் சிறு சதுரக் குப்பியின்) நடுப்பகுதியைத்தான் பார்க்கிறது. ஒரு செ.மீ. குவெட்டில் உறிஞ்சுதிறன் (கரைசல் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்பதன் அளவு) 1 என்றால் நடுவுக்கு வந்து சேர்வது 32 சதவீத ஒளி. 2 என்றால் 10 சதவீதம்தான். முன்சுவரை ஒட்டிய மூலக்கூறுகள் நன்றாகவே ஒளிர்கின்றன, ஆனால் அது கருவியின் பார்வைக்குள் வருவதில்லை. அறையை இருட்டாக்கி, செறிந்த கரைசல் உள்ள பீக்கரின் பக்கவாட்டில் புற ஊதா டார்ச்சை அடித்துக் காட்டு. நீலம் கண்ணாடியை ஒட்டி மெல்லிய படலமாக நிற்கும். நூறு மடங்கு நீர்த்துவிட்டு அடித்தால் அதே நீலம் கோல்போல உள்ளே நீளும். 1845இல் ஜான் ஹெர்ஷல் கண்டதும் இந்தப் படலத்தைத்தான். ஒருமுறை கரைசலைக் கடந்து வந்த ஒளி, அடுத்த கரைசலில் அந்த நீலத்தை எழுப்பவில்லை என்றும் அவர் கவனித்தார். குவினைன் புற ஊதாவை விழுங்கி நீண்ட அலைநீளத்தில் உமிழ்கிறது என்று ஸ்டோக்ஸ் விளக்கியது 1852இல். உறிஞ்சலும் உமிழ்வும் ஒரே பாடம் என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை.

ஆகவே முதலில் உறிஞ்சல் நிறமாலையை எடுக்கச் சொல். 350 நானோமீட்டரில் உறிஞ்சுதிறன் 0.05ஐ ஒட்டி வரும்வரை நீர்த்த பிறகுதான் உமிழ்வு. குவினைனுக்கு அது லிட்டருக்குச் சுமார் 3 மில்லிகிராம். டானிக் வாட்டரை வைத்துச் செய்வதானால், அமெரிக்காவில் அனுமதித்த உச்ச அளவே லிட்டருக்கு 83 மில்லிகிராம், 1 மி.லி. எடுத்து 25 மி.லி. ஆக்கினால் போதும். வாயுவை முழுதும் வெளியேற்றிவிடு, குமிழ்கள் ஒளியைச் சிதறடிக்கும்.

நீர்க்க 0.05 மோலார் கந்தக அமிலம் எடு. ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டவே வேண்டாம். குளோரைடு அயனி ஒளிர்வை அணைத்துவிடும். உறிஞ்சல் நிறமாலையோ மாறாமல் அப்படியே இருப்பதால் தவறு எங்கே என்று பிடிபடாது.

கரைசலில் 350 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால் உமிழ்வின் உச்சி 450க்கு அருகே வரும். 397இல் ஒரு சிறு மேடு தெரிந்தால் அது தண்ணீரின் ராமன் சிதறல், அதாவது தண்ணீர் மூலக்கூறுகள் பாய்ச்சிய ஒளியை நீண்ட அலைநீளத்தில் சிதறடிப்பது. கிளர்வொளியை (பாய்ச்சும் ஒளியை) 340க்கு மாற்றிப் பார், மேடு 384க்கு நகரும்; குவினைன் உச்சி இருந்த இடத்திலேயே இருக்கும். அமிலத்தை மட்டும் ஊற்றி பிளாங்க் எடுத்துக் கழித்தால் மேடு போய்விடும்.

குவெட்டையும் ஒருமுறை பார்த்துவிடு. உறிஞ்சலுக்கு வைத்திருப்பதில் இரண்டு பக்கம் மங்கலாக இருக்கும். இதற்கு நான்கு பக்கமும் தெளிந்த குவார்ட்ஸ் வேண்டும்.

கோடு நேரானதும் அடுத்து இலைச்சாற்றைக் கொடு. பச்சையம் தான் உமிழும் சிவப்பைத் தானே மீண்டும் விழுங்கும். அதனால் செறிவு கூடினால் உச்சியின் உயரம் மட்டுமல்ல, இடமும் நீண்ட அலைநீளப் பக்கம் நகரும். அந்த வரைபடங்களை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் நண்பன்