கேம் கன்சோலின் விலைச் சீட்டில் சந்தாவின் விலையும் இருக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி நெருங்கும்போது கடலூர் லாரன்ஸ் ரோட்டிலும் புதுச்சேரி நேரு வீதியிலும் உள்ள கடைகளில் டிவியில் இணைத்து விளையாடும் கேம் கன்சோல்களுக்குத் தள்ளுபடி அறிவிக்கும் பலகைகள் தொங்கத் தொடங்கிவிடும். பிள்ளைகளின் ஆசைக்காக அவற்றை வாங்கப் போகும் பெற்றோர், பலகையில் உள்ள தொகையோடு செலவு முடிந்துவிடுவதில்லை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பத்தாம் வகுப்புத் தேர்வில் நல்ல மதிப்பெண் எடுத்த என் மகனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, சென்ற ஆண்டு புதுச்சேரியில் ஒரு கன்சோல் வாங்கினோம். (2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வருவதற்கு முன்பு, அங்கே வரி குறைவு என்று கடலூர்க்காரர்கள் டிவி, பிரிட்ஜ் வாங்கப் புதுச்சேரிக்குப் போவது வழக்கம், வரி ஒன்றாகிவிட்ட பின்பும் அந்தப் பழக்கம் எங்களை விடவில்லை.) அதில் இணையம் வழியாக விளையாட்டுகளை ஆடுவதற்கான சந்தா மூன்று மாதம் இலவசம் என்று கடையில் சொன்னார்கள். அதைப் பெறுவதற்கு என் வங்கி அட்டையின் விவரங்களைப் பதிய வேண்டியிருந்தது, பதிந்தேன். பதினோரு மாதம் கழித்து பாஸ்புக்கில் வரவு செலவு பதிந்து பார்த்தபோதுதான், எட்டு மாதங்களாகச் சந்தாத் தொகை தானாகவே கழிந்து வந்திருப்பதும், மொத்தம் ஐந்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டதும் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் முன்கூட்டியே குறுஞ்செய்தி வந்திருக்கிறது. விளம்பரச் செய்திகளுக்கு நடுவே நான் அதைக் கவனிக்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது. கடையிலும் எவரும் பொய் சொல்லவில்லை. ஆனால், இரண்டு ஆண்டுகளுக்கு இந்தப் பெட்டி எவ்வளவு செலவு வைக்கும் என்ற ஒரே ஒரு கணக்கை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அட்டைப்பெட்டியிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அதன் பிறகு இந்த வணிகத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். கன்சோலை அடக்க விலைக்கும் குறைவாக விற்பது இத்தொழிலில் நெடுநாள் வழக்கம். 2006இல் சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 3 கன்சோல் வெளிவந்தபோது, ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் அதைப் பாகம் பாகமாகப் பிரித்துக் கணக்கிட்டு, 599 டாலருக்கு விற்கப்படும் பெட்டியைத் தயாரிக்க ஏறத்தாழ 840 டாலர் ஆகிறது என்று மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் 2001 முதல் விற்பனையில் இருக்கிறது. ஆயினும் பெட்டி விற்பனையில் தாங்கள் ஒருபோதும் லாபம் பார்த்ததில்லை என்று அந்நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர், எபிக் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் ஆப்பிள் மீது தொடுத்த வழக்கில் 2021 மே மாதம் சாட்சியம் அளித்தார். பெட்டியில் விட்ட பணம், அதற்காக விற்கப்படும் ஒவ்வொரு விளையாட்டிலும் கிடைக்கும் பங்காகவும் (பிற நிறுவனங்களின் விளையாட்டுகளில் இது பொதுவாக 30 விழுக்காடு), மாதச் சந்தாவாகவும் திரும்பி வருகிறது. இணையத்தில் நண்பர்களோடு சேர்ந்து விளையாடுவதற்குக்கூட, இலவச விளையாட்டுகள் நீங்கலாக, பெரும்பாலானவற்றுக்குச் சந்தா தேவைப்படுகிறது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்துகிறது.

2012இல் அமெரிக்காவில் நடந்த ஒரு விற்பனையைப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். உடல் அசைவைக் கண்டறியும் கினெக்ட் கருவியோடு சேர்ந்த எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோலை மைக்ரோசாஃப்ட் 99 டாலருக்குக் கொடுத்தது. ஆனால், வாங்குபவர் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 14.99 டாலர் கட்டுவதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். இருபத்து நான்கு மாதத் தொகையையும் கூட்டினால் ஏறக்குறைய 459 டாலர் ஆகிறது. அதே கன்சோலை அன்று 299 டாலர் ரொக்கமாகக் கொடுத்து வாங்கி, ஆண்டுக்கு 60 டாலர் வீதம் இரண்டு ஆண்டுச் சந்தாவைத் தனியாகக் கட்டியிருந்தால் 419 டாலரோடு முடிந்திருக்கும். இடையில் விலக நினைப்பவருக்கு 250 டாலர் வரை அபராதமும் உண்டு. கையில் ரொக்கம் குறைவாக இருப்பவரே 99 டாலர் என்ற விலையைப் பார்த்து வருகிறார். அவரே 40 டாலர் கூடுதலாகக் கட்டுகிறார். ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு என்பது ஒப்பந்தத் தாளில் இருந்தது. இன்றைய மாதச் சந்தாவுக்கு முடிவுத் தேதியும் இல்லை, நிலையான கட்டணமும் இல்லை. 2017இல் மாதம் 9.99 டாலருக்குத் தொடங்கிய, எக்ஸ்பாக்ஸுக்கான கேம் பாஸ் சந்தாவின் உயர்நிலைத் திட்டம், அமெரிக்காவில் 2025 அக்டோபரில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலராக ஒரேயடியாக உயர்த்தப்பட்டது. பெட்டியை வாங்கி வீட்டில் வைத்துவிட்டவர் அந்த உயர்வைக் கண்டு வேறு கடைக்கா போக முடியும்?

சந்தாவே கூடாது என்பது என் வாதமன்று. புதிய விளையாட்டு ஒன்றின் விலையே நான்காயிரம், ஐந்தாயிரம் ரூபாய் என்றிருக்கும்போது, மாதத்துக்கு மூன்று நான்கு விளையாட்டுகளை மாற்றி மாற்றி விளையாடும் பிள்ளைக்குச் சந்தா சிக்கனமாகவே இருக்கலாம். ஆனால், சந்தாவை நிறுத்திய நாளிலேயே அந்த விளையாட்டுகளும் போய்விடுகின்றன. டிஸ்க்காக வாங்கியதைப் பக்கத்து வீட்டுப் பையனுக்கு இரவல் கொடுக்கலாம், சலித்துப் போனால் பாதி விலைக்கு விற்கலாம். 2020 நவம்பரில் வெளிவந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷன் ஆகிய இரண்டும் தத்தம் வரிசையில் விலை குறைந்தவை. வெளிவந்தபோது இரண்டிலும் டிஸ்க் போடும் வசதி இருக்கவில்லை. குறைந்த விலையைப் பார்த்து டிஸ்க் வசதி இல்லாததை வாங்குபவர், அதன்பின் விளையாட்டுகளுக்கு அந்த நிறுவனத்தின் இணையக் கடையையே நம்பியிருக்க வேண்டும். இதைக் கடையில் யாராவது எடுத்துச் சொன்னால் பலர் சில ஆயிரம் கூடுதலாகக் கொடுத்து டிஸ்க் உள்ளதையே எடுப்பார்கள் என்று நம்புகிறேன்.

தமிழக அரசு 2006க்குப் பிறகு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியபோது, கேபிள் கட்டணம் தனி என்பது எல்லா வீடுகளுக்கும் தெரிந்திருந்தது. கேபிள்காரர் மாதந்தோறும் வாசலுக்கு வந்து, பணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். வேண்டாம் என்றால் அவரிடமே சொல்லிவிடலாம். கணக்கிலிருந்து சத்தமில்லாமல் கழியும் பணத்துக்கு அப்படி ஒரு முகம் இல்லை.

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அறிவித்த வழிகாட்டு நெறிகள், இணைய வணிகத்தில் நுகர்வோரை ஏமாற்றும் 13 உத்திகளைத் தடை செய்கின்றன. சந்தாவை ரத்து செய்யும் வழியை மறைப்பதும், இலவசச் சந்தாவுக்காகக் கட்டண விவரங்களைக் கொடுக்கும்படி கட்டாயப்படுத்துவதும், முழு விலையை முதலிலேயே சொல்லாமல் சிறிது சிறிதாக வெளிப்படுத்துவதும் அவற்றில் அடங்கும். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அட்டையிலிருந்து தானாகப் பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு வாடிக்கையாளருக்குத் தகவல் வர வேண்டும். அந்த அனுமதியை அவர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். நான் என் வங்கியின் வழியாக அதைத்தான் செய்தேன். குறை இருப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம்.

இவை பெரும்பாலும் பணம் கழியத் தொடங்கிய பிறகு கைகொடுப்பவை. கடையில் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்க்கும் அந்த நேரத்துக்கு ஒரு விதி தேவை. பொட்டலப் பொருள்களின் மீது அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் ஏற்கெனவே சொல்கின்றன. சந்தா இல்லாமல் முழுமையாகப் பயன்படாத கருவி எதுவானாலும், அந்த விலைக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், ஓராண்டுச் சந்தா எவ்வளவு என்பதையும், சந்தா இல்லாவிட்டால் எவையெல்லாம் இயங்காது என்பதையும் தமிழில் அச்சிடச் செய்ய வேண்டும். கட்டணம் மாறக்கூடியது என்று நிறுவனங்கள் மறுக்கலாம். அச்சிட்ட நாளில் உள்ள கட்டணத்தைத் தேதியோடு போடட்டும். மத்திய அரசு இதற்கான விதியைக் கொண்டுவரும் வரை, கடலூர், புதுச்சேரி வணிகர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களின் கடைகளில் ஒரு சிறு அட்டையில் எழுதி வைக்கவாவது முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நாளிதழிலும் பண்டிகைக் காலத்தில் இத்தகைய கன்சோல்களின் முழுப்பக்க விளம்பரங்கள் வருகின்றன. விலையைப் பெரிய எழுத்தில் போடும் விளம்பரதாரர்களிடம், சந்தாத் தொகையையும் அதே பக்கத்தில் படிக்கும்படியான எழுத்தில் போடுமாறு தாங்கள் வலியுறுத்த வேண்டும் என்பது இந்த வாசகனின் பணிவான வேண்டுகோள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.