காசநோயாளியின் வீட்டையும் சேர்த்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசநோய் ஒழிப்பு பற்றி உங்கள் நாளிதழில் சென்ற வாரம் வந்த கட்டுரையைப் படித்தேன். பரிசோதனைக் கருவிகள், ஆறு மாத மாத்திரை, மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை என்று தகவல்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. ஆனால் கட்டுரை முழுவதும் நோயாளி என்ற ஒரே ஆளைச் சுற்றியே நிற்கிறது. அவரோடு ஒரே அறையில் படுத்துத் தூங்கும் மனைவி, பிள்ளைகள், வயதான அம்மா பற்றி ஒரு வரிகூட இல்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆய்வக நுட்புநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி சளி டப்பாக்களோடும் மைக்ராஸ்கோப்போடும் போனது. அதனால் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆய்வகப் பதிவேட்டில் பெயரோடு முகவரியும் எழுத வேண்டும். அப்படி எழுதும்போது சில முகவரிகளைக் கை முன்பே எழுதியிருக்கும். அப்பாவின் சளியில் கிருமி இருந்த அதே வீட்டிலிருந்து சில மாதம் கழித்து மகனின் டப்பா வரும். சில வீடுகளில் அப்புறம் மருமகளுடையது. அந்த இரண்டாவது டப்பா வரும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துவிடும். முதல் ஆள் வந்தபோதே அந்த வீடு எங்களுக்குத் தெரியும். களப்பணியாளர் அந்த வீட்டுக்குப் போயும் இருப்பார். போனவர் வாசலில் நின்று, "வீட்ல வேற யாருக்காச்சும் இருமல் இருக்கா?" என்று கேட்பார். இல்லை என்று பதில் வரும். எழுதிக்கொண்டு வந்துவிடுவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருக்கும் படிவம் அதைத்தான் கேட்கிறது, அவர் பார்க்க வேண்டிய வீடுகளும் ஏராளம்.

அந்தக் கேள்வி போதாது என்பதற்கு இப்போது கணக்கே இருக்கிறது. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 42.6 சதவீதம் பேர் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்ததால் மட்டுமே சிக்கினார்கள். இருமல், காய்ச்சல், எடை குறைவு என்று அறிகுறிகளை மட்டும் கேட்டு நிறுத்தியிருந்தால் அவர்கள் எல்லாரும் தப்பிப் போயிருப்பார்கள். ஆகவே நோயாளியின் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும், இருமல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். கையில் தூக்கிப் போகும் எக்ஸ்ரே கருவியும் எக்ஸ்ரே வண்டியும் நம் மாநிலத்தில் இருக்கின்றன. முகாம் போடும் ஊருக்குப் போகும் வண்டி, போகிற வழியில் நோயாளிகளின் தெருவிலும் நிற்கலாமே.

சளிப் பரிசோதனையைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். டப்பாவைக் கையில் கொடுத்து "சளி கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் பாதிப் பேர் எச்சிலைத் துப்பிக் கொண்டு வருவார்கள். எச்சிலில் தேடினால் நல்ல கருவிகூடக் கிருமியைத் தவறவிட்டுவிடும். காலையில் எழுந்ததும் வாயை வெறும் தண்ணீரில் கொப்பளித்து, இரண்டு மூன்று முறை நன்றாக மூச்சை இழுத்து விட்டு, அடி நெஞ்சிலிருந்து இருமிக் காறிய சளிதான் வேண்டும். இதைச் செய்து காட்டிச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ட்ரூநாட், சிபிநாட் போன்ற கருவிகள் மைக்ராஸ்கோப்பில் தெரியாத அளவு குறைவான கிருமியையும் பிடிக்கின்றன, காசநோய்க்கு முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் அந்தக் கிருமிக்குக் கேட்குமா கேட்காதா என்பதையும் அன்றே சொல்லிவிடுகின்றன. அவ்வளவு நல்ல கருவிக்குள் எச்சிலை ஊற்றி "நெகட்டிவ்" என்று எழுதி அனுப்பினால், அந்த ஆள் நிம்மதியாக வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு மாதம் இருமுவார். சின்னப் பிள்ளைகளுக்குச் சளியைக் காறி எடுக்கவே தெரியாது. அவர்களைப் பெரும்பாலும் எக்ஸ்ரேயும் மருத்துவரின் கண்ணும்தான் காப்பாற்ற வேண்டும்.

வீட்டிலேயே வைத்துச் சிகிச்சை தரலாம் என்பதை உலகத்துக்குக் காட்டியது சென்னைதான். 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் எனப்படும் காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து இரு தரப்புக்கும் ஒரே வித மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தது. 1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. தொற்று பெரும்பாலும் நோயைக் கண்டுபிடிக்கும் முன்பே நடந்து முடிந்துவிடுகிறது, மருந்து தொடங்கிய பிறகு வேகமாகக் குறைகிறது. இது தெரியாமல்தான் இன்னமும் பல வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்து அவரை நோகடிக்கிறார்கள். தட்டிலும் டம்ளரிலும் இந்த நோய் ஒட்டாது, காற்றில்தான் பரவுகிறது.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. வீட்டில் இருந்தவர்களின் சாப்பாடு சானடோரியத்துச் சாப்பாட்டைவிட மிகவும் மோசம், ஆனாலும் மருந்து வேலை செய்தது. மருந்தின் பலத்தைக் காட்டிய பெரிய கண்டுபிடிப்பு அது. அதன் பிறகு சாப்பாட்டைப் பற்றிய பேச்சே குறைந்து போனது. பல பத்தாண்டுகள் கழித்து ஜார்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு அந்தப் பேச்சை மறுபடி தொடங்கி வைத்தது. அதில் சென்னை தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் பங்கு உண்டு, பழைய மருந்துச் சிகிச்சை மையத்தின் இன்றைய பெயர்தான் அது. நோயாளிகள் எல்லாருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பகுதியில் மட்டும் வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ துவரம் பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். 2023-இல் முடிவு வந்தது: அப்படிச் சாப்பிட்ட குடும்பத்தாரிடம் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை ஏறியவர்களிடம் சாவும் பெரிதும் குறைந்தது. அரிசியும் பருப்பும் ஒரு தடுப்பூசிக்குச் சமமாக வேலை செய்திருக்கின்றன.

நம் ரேஷன் கடையில் துவரம் பருப்பு ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் அதே ஒரு கிலோதான். ஜார்கண்டில் ஒரு ஆளுக்கே ஒன்றரைக் கிலோ கொடுத்தார்கள் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1000 ஆனது. வரவேற்கிறேன். ஆனால் அது நோயாளியின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. கணக்கே இல்லாதவர், ஆதார் இணைக்காதவர், செயலிழந்த கணக்கு வைத்திருப்பவர் என்று பலருக்குத் தாமதமாகிறது. வந்தாலும் வேலைக்குப் போக முடியாத வீட்டில் அது வாடகைக்கும் கடனுக்கும் போய்விடும், சாப்பாட்டுக்கு மிஞ்சாது. பணத்தோடு சேர்த்துப் பொருளாகவே கொடுங்கள் என்கிறேன். சிகிச்சை நடக்கும் ஆறு மாதமும், முடிந்தால் ஓராண்டும், வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் கூடுதல் பருப்பு, எண்ணெய், முட்டை கொடுக்கலாம். நன்கொடையாளர்கள் தரும் ஊட்டச்சத்துப் பைகள் நல்ல மனசோடு வருபவைதான், ஆனால் எல்லா ஊரிலும் கொடுக்க ஆள் கிடைப்பதில்லை. ரேஷன் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஸ்மார்ட் கார்டில் அளவை மட்டும் கூட்டிவிட்டால் போதும், வரிசையில் நிற்கும் அக்கம்பக்கத்தாருக்குக் காரணம் தெரிய வேண்டியதில்லை. டி.பி. என்று வெளியே தெரிந்தால் பெண்ணுக்கு வரன் தட்டிப் போகும் என்று பயப்படும் ஊரில் இது முக்கியம். நம் ஊரில் கார்டு இல்லாத வடமாநிலத் தொழிலாளர்களுக்கு மாத்திரை தரும் இடத்திலேயே பொருளையும் கொடுக்கலாம்.

நம் மாநிலத்தால் முடியாத காரியம் இல்லை இது. 2022-இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' ஒன்றைச் செய்து காட்டியிருக்கிறது. நோயைக் கண்டுபிடித்த உடனே எடை, உயரம், ஆக்சிஜன் அளவு, கால் வீக்கம், பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள், மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். களப்பணியாளரே செய்யக்கூடிய எளிய சோதனைகள் இவை. அதே எடை மெஷினில் நோயாளியின் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றிப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

தடுப்பு மாத்திரை பற்றியும் மக்களுக்குச் சரியாகச் சொல்வதில்லை. நோய் இல்லை என்று உறுதியான பிறகு குடும்பத்தார் எல்லாருக்கும் அதைத் தரலாம் என்று மத்திய அரசின் 2021 வழிகாட்டுதலே சொல்கிறது. வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம், அல்லது தினமும் ஆறு மாதம். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் எதுக்கு மாத்திரை சாப்பிடணும்?" என்று கேட்பவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். கிருமி உடம்புக்குள் போய்த் தூங்கும், முதல் இரண்டு வருடத்தில்தான் எழுந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம், உடம்பு மெலிந்தால் அது சீக்கிரம் எழும் என்று விளக்கினால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்வார்கள். பேசி நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் செய்தியாளர்களிடம் ஒரு கோரிக்கை. அடுத்த முறை காசநோய் பற்றி எழுதும்போது மாவட்டக் காசநோய்த் துணை இயக்குநரிடம் எத்தனை நோயாளிகள், எத்தனை பேர் குணம் என்று கேட்பதோடு இன்னும் மூன்று எண்ணிக்கையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள்: சென்ற ஆண்டு பதிவான நோயாளிகளின் வீடுகளில் எத்தனை பேருக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், எத்தனை பேர் தடுப்பு மாத்திரையை முழுதாக முடித்தார்கள், எத்தனை பேரின் எடையைப் பார்த்தார்கள். ஒவ்வொரு மாவட்டமாகக் கேட்டு வெளியிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆய்வக நுட்புநர்,
விழுப்புரம் மாவட்டம்.