ஒடா சேப்பல் பேச்சுக்கு உதவின எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். போன ஞாயித்துக்கிழமை நம்ம கூட்டத்துல, இங்கிலாந்துல செவர்ன் ஆத்துப் பக்கம் டியர்ஹர்ஸ்ட்ங்கற ஊருல இருக்கற ஒடா சேப்பல்ங்கற சின்ன பழைய கோயிலப் பத்தி நான் இருபது நிமிஷம் பேசினதுக்கு நிறைய பேரு மெசேஜ் போட்டிருந்தீங்க. உண்மையச் சொல்லணும்னா அதுல பாதிக்கு மேல மத்தவங்க உழைப்பு, மைக்க புடிச்சது மட்டும் தான் நான்.

முதல்ல எதிர்வீட்டு ஆண்ட்டி. எனக்கு கார் ஓட்டத் தெரியாதுன்னு தெரிஞ்சு தானா வந்து கூட்டிட்டுப் போனாங்க, ஜனவரில போனப்ப செவர்ன் ஆத்துத் தண்ணி ரோட்டுக்கே வந்துடுச்சு, பாதில திரும்பிட்டோம், முணுமுணுக்காம ஏப்ரல்ல மறுபடியும் கூட்டிட்டுப் போனாங்க. அவங்க இல்லன்னா நான் போட்டோவ மட்டும் பாத்துட்டு பேசியிருப்பேன், அதுல ஒண்ணும் புரிஞ்சிருக்காது. ஏன்னா தூரத்துல இருந்து பாத்தா அது ஒரு பழைய மரச்சட்ட பண்ணை வீடு, அவ்ளோதான். கிட்டப் போனா தான் ஒரு பக்கம் மட்டும் கருங்கல்லாட்டம் கரடுமுரடான சுவரு, மூலைல ஒரு கல்ல நெட்டுக்குத்தா நிறுத்தி, மேல ஒண்ண படுக்க வச்சு, இப்படியே மாத்தி மாத்தி அடுக்கியிருக்கறது கண்ணுல படுது. 1066ல நார்மன்காரங்க வந்து புடிக்கறதுக்கு முன்னாடி இங்கிலாந்துல இருந்த சாக்ஸன் ஜனத்தோட கொத்தனார் கை அது.

அடுத்து லத்தீன் படிச்ச நம்ம தம்பி. 1675ல ஒரு தோட்டத்துல கிடைச்ச இந்த சேப்பலோட கல்வெட்டு இப்ப ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் மியூசியத்துல இருக்கு, சேப்பல்ல இருக்கறது நகல் தான். இறந்துபோன தன் சகோதரன் ஆல்ஃப்ரிக் ஆத்மாவுக்காக ஒடாங்கற பிரபு கட்டினது, பிஷப் ஈல்ட்ரெட் அர்ப்பணிச்சது, எட்வர்ட் ராஜா ஆட்சியோட பதினாலாவது வருஷம்னு அதுல இருக்கு. தேதி இருக்கற இடத்துல ரெண்டுன்னு நம்பர் பாத்துட்டு நான் ஏப்ரல் 2ன்னு ஸ்லைடே போட்டுட்டேன்! தம்பி தான் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணி, அண்ணே ரோமன் கணக்குல, ஐட்ஸ்னு சொல்ற ஏப்ரல் 13ம் தேதில இருந்து பின்னாடி எண்ணணும், அந்த 13ம் கணக்குல சேரும், அப்ப ரெண்டாவது நாள்னா 12ன்னு சொன்னான். 1056 ஏப்ரல் 12. மானம் காப்பாத்தினடா. அதே வருஷம் ஆகஸ்ட் 31ல ஒடாவும் போய்ட்டாரு, நாலரை மாசம் தான் அவரு கட்டின கோயில அவரு பாத்தது.

லைப்ரரில பழைய புத்தகமெல்லாம் தேடி எடுத்துக் குடுத்த அம்மாவுக்கும் பெரிய நன்றி. அந்தக் கல்வெட்டு, பக்கத்துல இருக்கற பெரிய செயின்ட் மேரி சர்ச்சோடதுன்னு தான் ரொம்ப காலமா எல்லாரும் நினைச்சிருக்காங்கங்கறதே அவங்க குடுத்த புத்தகத்துல தான் தெரிஞ்சுது. சேப்பல் எங்க போச்சுன்னா எங்கயும் போகல, பண்ணை வீட்டுக்குள்ளயே ஒரு பாகமாகி, ஜனம் கும்பிட நின்ன கூடம் சமையக்கட்டா இருந்திருக்கு. 1885ல வீட்ட ரிப்பேர் பண்றப்ப பூச்சு உதிர்ந்து உள்ள இருந்த கல்லு தெரிஞ்சு, அப்ப அந்த ஊரு சர்ச் பாதிரியாரா இருந்த ஜார்ஜ் பட்டர்வொர்த் தான் விஷயத்தப் புடிச்சாரு. கல்வெட்டு கிடைச்சு 210 வருஷம் கழிச்சு! அவருக்கும் ஒரு நன்றி போட்டு வச்சிடறேன், படிக்க மாட்டாரு, பரவால்ல.

அளக்கற டேப்போட ஒரு முனைய புடிச்சுக்கிட்டு நின்ன என் பையனுக்கும் நன்றி. கூடம் ஏறத்தாழ 25 அடிக்கு 16 அடி தான்னதும், இவ்ளோதானாப்பான்னான்.

ஆண்ட்டி, உங்க ஃப்ளாஸ்க் இன்னும் எங்க வீட்டுல தான் இருக்கு, சனிக்கிழமை கொண்டாந்து தரேன்.