பூனைச் செலவு

அன்புள்ள சுதாவுக்கு,

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ஐந்து பூனைக்கும் தீனி போட்டுக் கட்டுப்படியாகுமா, இரண்டை யாருக்காவது கொடுத்துவிடேன் என்று கேட்டிருந்தாய். கொடுக்கமாட்டேன். இந்த மும்பைச் செம்பூரில் யார் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

சாப்பாடு பெரிய செலவே இல்லையடி. பாதி உலர்தீனி, பாதி வேகவைத்த பாங்கடா மீன். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேர்ப்பதில்லை. ஜூன், ஜூலையில்தான் கொஞ்சம் இடிக்கும். மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, மீன்காரி மௌஷி சொல்லும் விலையில் நமக்கே மீன் ஆசை விட்டுப்போகும். அந்த இரண்டு மாதமும் கோழிதான். மூட்டையாக வாங்கினால் மலிவு என்று மழைக்காலத்தில் உங்கப்பா தீனி வாங்கிப்போட்டார். நமுத்து, சிக்குவாடை அடித்து, ஒன்றும் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. இப்போது சின்னப் பையாக வாங்கி அரிசி டின்னில் அடைத்து வைக்கிறேன்.

பணத்தை விழுங்குவது வைத்தியம்தான். கறுப்பன் மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கினான். ஒரு சொட்டு வரவில்லை. உங்கப்பா மலச்சிக்கல் என்றார். பார்த்தால் மூத்திர அடைப்பு. ஆண் பூனைக்கு இது வந்து கவனிக்காமல் விட்டால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாம். டியூப் போட்டு, ட்ரிப் ஏற்றி, அவனைப் படுக்கவைத்த பில் ஐந்து பேரின் பல மாதச் சாப்பாட்டுக்குச் சமம். அதிலிருந்து எல்லார் தீனியிலும் தண்ணீர் கலந்துதான் வைக்கிறேன்.

அப்புறம் குட்டிகள். சினை இரண்டு மாதம்தான். பால் கொடுக்கும்போதே மறுபடி சினை பிடித்துவிடும். அதனால் கையில் வரும் முதல் காசு கருத்தடைக்கு. ஆண்களுக்கும் செய்துவிட்டதால் சண்டை போட்டுச் சீழ் பிடித்து வருவது குறைந்திருக்கிறது. பரேலில் இருக்கும் பைல் கோடா மிருக ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகிறேன். தர்ம ஆஸ்பத்திரி, நமக்குக் கட்டுப்படியாகிறது.

அதனால் நீ அங்கிருந்து டின் உணவெல்லாம் பார்சல் அனுப்பாதே. அந்தப் பணத்தை இங்கே அனுப்பு. போஸ்ட் ஆபீஸில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கியிருக்கிறேன், ஆத்திர அவசரத்துக்கு மட்டும். உங்கப்பா கைவைக்க முடியாது.

மாதக் கடைசியில் தடுப்பூசி. ஐந்தையும் ஒரே நாளில் கொண்டுபோனால் டாக்ஸிச் செலவு ஒன்றோடு போகும். கூடைதான் போதவில்லை. டிசம்பரில் வரும்போது பெரியதாக ஒன்று, கதவு கெட்டியாக இருப்பதாகப் பார்த்து வாங்கி வா.

அன்புடன்,
அம்மா