தீர்த்தக் கிணறும் பீலியும்: திருப்பணி நிறைவு அறிக்கை

அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அம்மன் ஆலயத் தீர்த்தக் கிணற்றையும் கீழ் லயத்துக் குடியிருப்புக்கு ஊற்றுநீர் விழும் பீலியையும் புதுப்பிக்கும் பணி நிறைவுற்றது. ஆலய மேட்டில் குழாய்க் கிணறு தோண்டுவதென்று முதலில் எடுத்த தீர்மானம் ஏன் கைவிடப்பட்டது என்று பலர் கேட்டிருப்பதால், அதை விளக்குவது சபையின் கடமையாகும்.

பண்டாரவளைப் பக்கம் உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்தினுள் 2014 இறுதியில் நீர் பாயத் தொடங்கியபின் மேலிருந்த கிணறுகளும் ஊற்றுகளும் வற்றியதை நாம் அறிவோம். மலையகத்தில் நீர் உக்கிய மேல்மண்ணிலும் அதன் கீழுள்ள கெட்டிப் பாறையின் பிளவுகளிலும் தங்குவதால், ஓரிடத்தில் இறைத்தால் எந்தப் பீலி ஓயும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது.

ஆகவே, பேராதனையில் பொறியியல் கற்ற நம் தோட்டத்துப் பிள்ளைகள் இருவர், அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1984இல் வெளியிட்டு இன்றும் இலவசமாக வழங்கும் மொட்ஃப்ளோ என்னும் நிலத்தடி நீரோட்டக் கணிப்பு மென்பொருளில் நம் சரிவுக்கு ஒரு கணினி மாதிரி அமைத்தார்கள். அது நிலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வரும் நீரையும் போகும் நீரையும் சமன்செய்து கணக்கிடுகிறது. பாறை எவ்வளவு நீரைக் கடத்தும் என்பதே தெரியாத பகுதி. அந்த அளவை நூற்றுக்கணக்கான விதமாக மாற்றி ஓட்டிப் பார்த்து, பீலிகளில் வாளி வைத்து நாம் அளந்த நீரோடு ஒத்துவந்தவற்றை மட்டும் தெரிவுசெய்தார்கள். ஒரு மடிக்கணினியில் இது வாரக்கணக்கில் இழுத்திருக்கும். ஓர் ஓட்டம் இன்னொன்றுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், முகிற் கணிமை (இணையவழிக் கணினி) சேவையில் பல கணினிகளை மணிக்கணக்கு வாடகைக்கு எடுத்து ஒரே இரவில் முடித்தார்கள். சேவை நிறுவனம் இடையில் திரும்பப் பெறக்கூடிய மலிவுக் கணினிகளே எடுக்கப்பட்டன. அறுந்த ஓட்டத்தை மட்டும் மீண்டும் ஓட்டினால் போதுமாயிருந்தது. எந்த ஊற்று எந்த மாதம் மெலியும் என்று, காலமெல்லாம் தண்ணீர் சுமந்த அம்மாமார் சொன்ன விவரமே மாதிரியைத் திருத்தப் பேருதவியாயிற்று என்பதை நன்றியுடன் பதிவுசெய்கிறோம்.

ஒத்துவந்த ஓட்டங்களில் பெரும்பாலானவை, மேட்டில் பம்ப் வைத்தால் ஆடி, ஆவணி வறட்சியில் கீழ் லயத்துப் பீலி நின்றுவிடும் என்று காட்டின. சில அவ்வாறு காட்டவில்லை. அதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும், கும்பாபிஷேகத்துக்காக அங்குள்ள குடும்பங்களின் குடிநீரைப் பணயம் வைக்கச் சபைக்கு மனம் வரவில்லை.

எனவே பழைய கிணற்றில் சேறு அள்ளி உள்சுவர் கட்டப்பட்டது. ஊற்றுக்கண்ணைச் சுற்றி மூடிய தொட்டி அமைத்து, பீலிக்குப் புதுக் குழாய் இடப்பட்டது. வரவு செலவுக் கணக்கும் மாதிரியின் வரைபடங்களும் ஆலய அலுவலகத்தில் பார்வைக்கு உள்ளன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பீலியில் நீர் அளக்கும் முறைப்பட்டியலில் பெயர் கொடுக்க விரும்புவோர் செயலாளரிடம் தெரிவிக்கவும்.

திருப்பணிச் சபையினர்