நிலவுக்குப் போய்வந்த ஒரு துணுக்கு

ஹூஸ்டன்

அன்புள்ள வேலாயுதம்,

உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் எழுதாமல் எட்டு மாதம் கடத்திவிட்டேன், பொறுத்துக்கொள். கண் அறுவை நல்லபடியாக முடிந்ததென்று செல்லப்பா சொன்னான், நிம்மதியாயிற்று. இங்கே எல்லோரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

கொலம்பியாவின் ஒரு துண்டு என் கைக்கு வந்துவிட்டது. அருணாசலம் சார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வானொலியில் கேட்டோமே, அதே அப்பல்லோ 11-இன் கொலம்பியா, நிலவுக்குப் போன மூன்று வீரர்களையும் பூமிக்குத் திருப்பிக் கொண்டுவந்த கலம். விண்வெளியின் சூட்டையும் குளிரையும் சமாளிப்பதற்காகக் கலத்தின் வெளிப்புறம் முழுவதும் கேப்டான் என்னும் மெல்லிய படலத்தை ஒட்டியிருந்தார்கள். 1969 ஜூலை 24 அன்று பசிபிக்கில் இறங்கிய பிறகு, எரியாமல் எஞ்சியிருந்த படலத்தை உரித்தவர்களில் சிலர் அதை நினைவுக்காக வைத்துக்கொண்டார்கள். என்னிடம் வந்திருப்பது சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லை. உருப்பெருக்கியின் கீழே வைத்தால், பழம்பட்டுச் சேலையிலிருந்து நைந்து உதிர்ந்த ஜரிகை போல் இருக்கிறது: ஒரு பக்கம் வெள்ளி மினுக்கம், மறுபக்கம் பொன்னிறம், ஓரமெல்லாம் கருகல். முதல் இரவு நான் தூங்கவில்லை.

இவ்வளவு சின்னதற்கு ஏன் இந்தப் பரபரப்பு என்று கேட்பாய். 110 மீட்டர் உயரத்தில் நின்று கிளம்பிய அந்த ராக்கெட்டில், பூமிக்குத் திரும்பியது மூன்று பேர் அமர்ந்திருந்த, 3.5 மீட்டர்கூட உயரமில்லாத கூம்பு மட்டும்தான். முதல் அடுக்கு அட்லாண்டிக்கில் விழுந்தது. நிலவில் இறங்கிய கலமான ஈகிளின் கீழ்ப்பாதி இன்றும் அங்கே, அமைதிக் கடல் என்னும் சமவெளியில் நிற்கிறது. மேற்பாதியை நிலவைச் சுற்றும் பாதையிலேயே கழற்றிவிட்டார்கள். அந்தக் கூம்பும் வாஷிங்டன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ஆகவே, போய்வந்த பொருள் எதுவானாலும் அதற்குப் போட்டி கடுமை. அப்பல்லோ 15-இல் டேவிட் ஸ்காட் நிலவின் தரையில் கட்டியிருந்த புலோவா கைக்கடிகாரம் 2015-இல் 16 லட்சத்து 25 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது. என்னைப் போன்றவர்களுக்கு மிஞ்சுவது இந்தத் துணுக்குகளே.

ஆனால் வேலாயுதம், இதை வாங்கிய நாளிலிருந்து என்னை அரிக்கும் கவலை படலத்தைப் பற்றியதல்ல. அதனோடு வந்த ஒரு தாளைப் பற்றியது. உறையை வாளித் தண்ணீரில் ஊறவைத்துத் தபால்தலையை மட்டும் உரித்துக்கொண்டு, முத்திரை குத்திய உறையை நீ குப்பையில் போடுவாயே, சார் எப்படிப் பதறுவார்! இப்போது நானும் அப்படித்தான் பதறுகிறேன். படலத்தை உரித்தவர் தட்டச்சு செய்து கையெழுத்திட்ட அந்த ஒரு பக்கம் இல்லையென்றால், இது எந்தச் சமையலறையிலும் கருகியிருக்கக்கூடிய தாள். மூன்று ஆண்டுக்கு முன் வேறொருவரிடம் ஒரு துண்டு வாங்கினேன். அதற்கு விற்றவரே கையெழுத்திட்ட சான்றிதழைத் தவிர முன்கதை எதுவும் இல்லை. இன்றுவரை அதை யாரிடமும் காட்ட மனம் வரவில்லை.

ஆம்ஸ்ட்ராங் 2012-இல் காலமான பிறகு அவர் மனைவி வீட்டு அலமாரியில் ஒரு வெள்ளைத் துணிப்பையைக் கண்டெடுத்தார். உள்ளே, ஈகிள் இறங்கியதை அதன் ஜன்னல் வழியாகப் படம்பிடித்த 16 மி.மீ. கேமராவே இருந்தது. பையும் உள்ளிருந்தவையும் நிலவிலிருந்து வந்தவைதாம் என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்ய உதவியவற்றில் ஒன்று, பயணத்தின்போது பதிவான பேச்சு. திரும்பும் வழியில் அந்தப் பையைக் காட்டி, கொண்டுபோக வேண்டிய வெறும் குப்பை, கலத்தின் உதிரிகள் என்று ஆம்ஸ்ட்ராங் உடன் வந்த வீரர் காலின்ஸிடம் சொல்லியிருக்கிறார். யாரோ அந்தப் பேச்சை எழுத்தாக்கி வைத்திருந்தார்கள்.

காகிதம் பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் அதே பயணத்தில் சாட்சி உண்டு. ஆம்ஸ்ட்ராங் முதலில் அள்ளிய மண்ணைப் போட்டுக்கொண்டு வந்த வெளிப்பை, இருப்புப் பட்டியலில் எண்கள் குழம்பியதால், 2015-இல் அரசு ஏலத்தில் 995 டாலருக்குப் போய்விட்டது. வாங்கியவர் சோதிக்கச் சொல்லி நாசாவுக்கு அனுப்பினார். உள்ளே நிலவுத் தூசி இருப்பதைக் கண்டு நாசா திருப்பித்தர மறுத்தது. நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்கே அது உரிமை என்று நீதிமன்றம் சொன்னது. 2017-இல் 18 லட்சம் டாலருக்கு விற்றுப்போனது. அவர் தனியாருக்கு விற்றதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பை யார் கண்ணிலும் படாமல் எங்கேயோ தொலைந்திருக்கலாமே என்று நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். என் மகன்கள் நல்லவர்கள், ஆனால் வீட்டை ஒழிக்கும் நாளில் பழைய தாள்களைப் படித்துப் பார்க்கப் பொறுமை இருக்காது. அந்தக் கடிதத்தின் நகல், நான் பணம் கட்டிய ரசீது, துணுக்கின் இரு பக்கப் படங்கள், பின்பக்கத்தில் என் கையால் எழுதிய விவரம், எல்லாவற்றையும் இத்துடன் வைத்திருக்கிறேன். இரும்புப் பெட்டியில் நம் ஆல்பத்துக்குக் கீழே வைத்துக்கொள். பெரியவன் ரகுவிடம் உன் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டேன். கிடைத்ததும் இரண்டு வரி எழுது; அதுவரை என் மனம் நிலைகொள்ளாது.

அன்புடன்,
மாணிக்கம்